கொல்லையில் ஈயக்குண்டு: யாரை விட்டுத் தோண்டுவது?

போன ஏப்ரலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹைட்ரேஞ்சியா செடி நடக் குழி வெட்டினார். மண்ணோடு சேர்ந்து கட்டைவிரலின் முதல் கணு அளவில் வெளுத்துப்போன ஒரு கூம்பு வந்தது. வேலிக்கு மேலாக நீட்டி என் உள்ளங்கையில் வைத்தார். அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். அடிப்பக்கம் குழிந்திருந்தது, சுற்றிலும் மூன்று வரிகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்காம் வகுப்பில் வர்ஜீனியா வரலாறு படிக்கிற என் மகன்தான் எட்டிப் பார்த்து, "அப்பா, மினி பால்!" என்று கத்தினான். பிரெஞ்சுக்காரர் மினியே உருவாக்கிய துப்பாக்கிக் குண்டின் வழிவந்தது, .58 காலிபர், அதாவது துப்பாக்கிக் குழலின் விட்டம் .58 அங்குலம். எடை ஏறத்தாழ 500 கிரெய்ன், நம் கணக்கில் நான்கு பவுன். ஆனால் ஈயம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கமும் இருக்காதா? மகன் மெட்டல் டிடெக்டர் வாங்கச் சொல்கிறான். என் மனைவி, "ஏங்க, இப்பத்தான் புல்லு ஒழுங்கா வந்திருக்கு, அதுல கை வெச்சீங்கன்னா தெரியும்" என்கிறாள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில், சென்டர்வில், சாண்டிலி, மனாசஸ் வட்டாரத்தில் நம்மவர் வீடுகள் ஏராளம்; இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்திருக்காது. நான்கு மாதம் விசாரித்ததில் தேறியதை எழுதுகிறேன்.

முதலில் இங்கே குண்டு எப்படி வந்தது? அடிமைமுறையை விட மாட்டோம் என்று பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. முதல் பெரிய சண்டை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நடந்தது. ஜூலை 18இல் புல் ரன் ஓடையின் பிளாக்பர்ன்ஸ் துறையில் கைகலப்பு, மூன்று நாள் கழித்து முதல் மனாசஸ் போர். மறு ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் அதே இடத்தில் இரண்டாம் போர். 1862 செப்டம்பர் 1இல் சாண்டிலிக்கு அருகே ஆக்ஸ் ஹில்லில் இடி மழைக்கு நடுவே சண்டை நடந்து, வடக்குப் படையின் கியர்னி, ஸ்டீவன்ஸ் என்ற இரண்டு தளபதிகள் மாண்டார்கள். அந்த இடத்தில் ஒரு சின்னப் பூங்காதான் இன்று மிச்சம். மற்றதெல்லாம் கடையும் அடுக்குமாடியும்.

இதைவிட முக்கியமானது, பலர் கவனிக்காதது, இடையில் வந்த குளிர்காலம். 1861 இலையுதிர் காலத்திலிருந்து 1862 மார்ச் வரை ஜோசப் ஜான்ஸ்டனின் தெற்குப் படை, சுமார் 40,000 பேர், சென்டர்வில்லில் குடிசை போட்டுத் தங்கியிருந்தது. பீரங்கி போதாமல் மரக்கட்டைக்குக் கறுப்பு பூசி அரண்மேல் வைத்து எதிரியை ஏய்த்தது இங்கேதான். சண்டை என்பது சில மணி நேரம். முகாம் என்பது மாதக்கணக்கு. சட்டைப் பொத்தான் அறுந்து விழும், தோட்டாப் பையிலிருந்து சுடாத குண்டு உருண்டு போகும், பொழுது போகாதவன் ஈயக்குண்டைச் செதுக்கிச் சதுரங்கக் காய் பண்ணுவான். அதனால்தான் தேடுபவர்களுக்குப் போர்க்களத்தைவிட முகாம் மண்மேல் ஆசை அதிகம்.

நம் கொல்லையில் உள்ளது அந்தக் காலத்து மண்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் கருவி வாங்குவது, ஊற்று பார்க்காமல் கிணற்றுக்குக் கயிறு வாங்குகிற கதை. இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை 1980, 90களில் எழுந்தவை. கட்டுமானக்காரர் புல்டோசரை விட்டு மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போட்டிருப்பார். எங்கள் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பழைய வான்படங்கள் 1937 தொடங்கி இணையத்தில் இருக்கின்றன. நம் மனை அன்று வயலா, தோப்பா, ஓடைக்கரையா என்று பார்த்துவிடலாம். அதைவிட எளிய சாட்சி மரம். நூறு வருஷத்து ஓக் மரம் நின்றால் அதன் அடியைச் சுற்றி மண்ணை வெட்டவும் இல்லை, மேலே கொட்டவும் இல்லை என்று பொருள்; இரண்டில் எதைச் செய்திருந்தாலும் மரம் பட்டுப்போயிருக்கும். பெரியவர் குழி வெட்டியது அப்படி ஒரு ஓக் நிழலில். அந்த மரத்தின் வேர் எங்கள் பக்கமும் வருகிறது. ஆனால் எங்கள் கொல்லையின் மறுபாதியில் மண்வெட்டியைப் போட்டால் செங்கல் துண்டும் பிளைவுட் சில்லும்தான். வேறெங்கிருந்தோ லாரியில் வந்த மண். அங்கே தேடுவது வீண். ஆக, தேடத் தகுந்த இடம் பாதியாகிவிட்டது. செலவு ஒரு டாலர்கூட இல்லை.

நாமே தேடினால்

மகனுக்குப் பிடித்த வழி இது. சட்டத் தடையும் பெரிதாக இல்லை. நம் ஊரில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அந்த நினைப்பில்தான் நானும் பயந்தேன். இங்கே தனியார் நிலத்தில் கிடைப்பது பொதுவாக நிலத்துக்காரருடையது. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வேலிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்போர் சங்கத்துப் பொதுப் புல்வெளி நம்முடையது அல்ல. மனாசஸ் தேசியப் போர்க்களப் பூங்காவை ஒட்டி வீடிருந்தால் எல்லைக்கல்லைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கக் கூடாது. தேசியப் பூங்காவுக்குள் டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம். தோண்டி எடுத்தால் 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் பாயும், சிறைவரை போகும். விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

கருவி மூன்று வகை. 300 டாலர் சுற்றில் கிடைக்கும் ஒற்றை அலைவரிசைக் கருவிகள், கேரட் ஏஸ், நோக்டா சிம்ப்ளெக்ஸ் போன்றவை. அடுத்து 500 முதல் 1,000 டாலர் வரை பல அலைவரிசைக் கருவிகள், மைன்லேப் ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜண்ட் மாதிரி. இந்த இரண்டு வகையும் வட்டக் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் விட்டுக் காந்தப்புலம் எழுப்பும். மண்ணுக்குள் இருக்கும் உலோகம் திருப்பித் தரும் பதில் எவ்வளவு தாமதமாகிறது என்பதை வைத்து இரும்பா, ஈயமா, செம்பா என்று எண் காட்டும். மூன்றாவது துடிப்பு வகை, பல்ஸ் இண்டக்ஷன். விட்டு விட்டுத் துடிப்பை அனுப்பி, அது அடங்குவதைக் கேட்கும். மைன்லேப் ஜிபிஎக்ஸ் வரிசை என்றால் சில ஆயிரம் டாலர் ஆகும்.

வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும் என்று துடிப்பு வகையைத்தான் எல்லோரும் சொன்னார்கள். காரணம் மண். தெற்கே கல்பெப்பர் கவுண்டியில், 1863-64 குளிர்காலத்தில் வடக்குப் படை முகாமிட்ட வயல்களில், செம்மண்ணில் இரும்புச் சத்து அவ்வளவு அதிகம். சாதாரணக் கருவி அரையடி ஆழத்து ஈயக்குண்டையே இரும்பு ஆணி என்று சொல்லிவிடும். அங்கே துடிப்புக் கருவிதான் ராஜா. எங்கள் சென்டர்வில்லும் அதே பாறைப் படுகையின் வடபகுதிதான். ஆனால் வயல் வேறு, கொல்லை வேறு. துடிப்புக் கருவிக்கு ஆணியையும் குண்டையும் பிரித்தறியும் திறமை குறைவு. வீடு கட்டினபோது தச்சர் சிந்திய ஆணிகள், வேலிக் கம்பி, மண்ணுக்கடியில் ஓடும் மின்கம்பி, நாய் தாண்டாமலிருக்கப் புதைத்த வயர் எல்லாவற்றுக்கும் கத்தும். ஒரு மாலைப்பொழுதில் நாற்பது ஆணி எடுத்தவனுக்கு நாற்பத்தோராவது குழி வெட்ட மனம் வராது. கொல்லைக்கு நடுத்தர விலைப் பல அலைவரிசைக் கருவி போதும் என்பதே என் முடிவு. அதையும் வாங்குவதற்கு முன் ஒரு பரீட்சை வைக்கலாம். சாதாரண மூன்று வரிக் குண்டு ஒன்று சில டாலருக்கே விற்கிறது. ஒன்றை வாங்கி நம் மண்ணிலேயே முக்கால் அடி ஆழத்தில் புதைத்து, இரவலோ வாடகையோ வாங்கிய கருவியால் தடவிப் பாருங்கள். சத்தம் வந்தால் அந்தக் கருவி நம் மண்ணுக்கு ஆகும். கடைக்காரர் பேச்சைவிட இது மேல்.

(குண்டின் விலையைப் பார்த்ததும் இன்னொரு கணக்கும் புரிந்திருக்கும். கருவிக்குப் போட்ட காசை எடுக்கவே நூற்றுக்கு மேல் குண்டு வேண்டும். தெற்குப் படையின் இடுப்புப்பட்டைப் பூட்டு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது, உண்மைதான். லாட்டரியிலும் யாருக்கோ விழத்தான் செய்கிறது.)

நாமே தேடுவதன் பலவீனம் கருவியில் இல்லை, நம்மிடம்தான். கழுகு பொறித்த வடக்குப் படைப் பொத்தானும் சோடா டப்பாவின் திறப்பு வளையமும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும். வளையம் வேண்டாம் என்று அந்த எண்ணை ஒதுக்கினால் பொத்தானையும் ஒதுக்கியதாகிவிடும். சத்தத்தின் நயத்தை வைத்துப் பிரிக்கக் காது பழக மாதங்களாகும். அதுவரை பயிற்சிக் களம் நம் கொல்லை, பலியாவது என் மனைவியின் புல். குதிரைலாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தை விட்டுவைத்துப் பாய் சுருட்டுவதுபோல் புரட்டி, மண்ணைத் துணிமேல் கொட்டித் தேடி, திரும்பக் கொட்டி மூடினால் புல் பிழைக்கும். ஜூலை வெயிலில் இதையே செய்தால் பிழைக்காது.

தெரிந்தவரை அழைத்தால்

இதையே ஆண்டுக்கணக்கில் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இங்கே நிறைய. கேட்டால் அடுத்த சனிக்கிழமையே வந்து நிற்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். கிடைப்பதில் பாதிக்குப் பாதி என்பது வழக்கமான ஒப்பந்தம். திறமை என்று பார்த்தால் நாம் ஒரு வருஷத்தில் எடுப்பதை ஒரு காலையில் எடுத்துவிடுவார்கள். குழி வெட்டிய சுவடும் தெரியாது.

சாண்டிலியில் இருக்கும் என் அலுவலக நண்பர் இப்படித்தான் இருவரை விட்டார். அவர்கள் நல்லவர்கள், எதையும் மறைக்கவில்லை என்றே அவரும் சொல்கிறார். எட்டுக் குண்டு, ஒரு பொத்தான். நான்கு குண்டும் பொத்தானும் இவருக்கு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். "எந்த மூலையில கிடைச்சுது?" என்று கேட்டேன். முழித்தார். எட்டில் எத்தனை சுட்டவை, எத்தனை கீழே விழுந்தவை, ஒரே வரிசையில் கிடந்தனவா, சிதறியா, ஒன்றும் தெரியாது. வரிசையாகக் கிடந்திருந்தால் அங்கே ஒரு படைவரிசை நின்று சுட்டிருக்கலாம். ஒரே குழியில் குவிந்திருந்தால் குடிசைத் தரையாக இருக்கலாம். எடுத்த பிறகு அதைச் சொல்ல யாராலும் முடியாது. குண்டு மிச்சம், சேதி போச்சு. மதுரைப் பக்கத்துக்காரனான எனக்கு இதைக் கீழடியே சொல்லிக் கொடுத்திருக்கிறது. பானை ஓடு ஊரெல்லாம் கிடக்கிறது. எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் வயது.

தேடுபவர்களும் இதைச் செய்ய முடியாதவர்கள் அல்ல. மொன்டானாவில், பழங்குடி வீரர்களோடு மோதி அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டர் மாண்ட லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் காட்டுத்தீ புல்லை எரித்துவிட்டுப் போனது. மறு ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் டிடெக்டர் பழகிய தன்னார்வலர்களையே வரிசையாக நடக்கவிட்டார்கள். சத்தம் வந்த இடத்திலெல்லாம் கொடி நட்டு, ஒவ்வொன்றையும் அளந்து குறித்த பிறகே எடுத்தார்கள். தோட்டா உறைகளில் பதிந்த தடயத்தை வைத்து, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது. அதே ஆட்கள், அதே கருவி. கூடுதலாக ஒரு கொடியும் அளவு நாடாவும், அவ்வளவுதான்.

எனவே அழைப்பதானால் நிபந்தனையோடு அழைக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் கொடி, வீட்டின் இரண்டு மூலையிலிருந்து அளவு, ஆழம், எண் போட்ட உறை. நாமும் கூடவே நிற்க வேண்டும். முகத்தைச் சுளிப்பவர் நமக்கு வேண்டாம்.

தொல்லியலாளரையே கூப்பிட்டால் என்ன என்று தோன்றும். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிப் பூங்கா ஆணையத்தில் தொல்லியல் பிரிவு இருக்கிறது. தனியார் கொல்லை ஒவ்வொன்றையும் வந்து தோண்டுவது அவர்கள் வேலை இல்லை. ஆனால் நம் மனைக்கு அருகே என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்கவும், கிடைத்ததைச் சொல்லிப் பதிய வைக்கவும் அதுதான் இடம். 1940இல் தொடங்கிய வர்ஜீனியா தொல்லியல் சங்கத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் உண்டு. தனியார் ஆய்வு நிறுவனம் எங்கள் கைக்குக் கட்டுப்படியாகாது. இந்த வழியின் பலம் ஒன்றுண்டு: டிடெக்டர்காரர் கண்ணுக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். பீங்கான் ஓடு, புகைக்குழாய்த் தண்டு, கண்ணாடி, எலும்பு எல்லாம் அவருக்குக் குப்பை. இந்த மண்ணில் போருக்கு முன்னும் பண்ணைகள் இருந்தன, அவற்றில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போனவற்றில் பெரும்பாலானவை உலோகமே அல்ல.

எடுக்கக் கூடாதவை

பீரங்கிக் குண்டு. 2008 பிப்ரவரியில், இதே மாநிலத்தின் செஸ்டரில், பல காலம் இவற்றைச் சேகரித்து வந்த ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் கடற்படைப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து இறந்தார். கால் மைல் தள்ளி இருந்த வீட்டின் முகப்பில் அதன் துண்டு பாய்ந்தது. போர் முடிந்து 140 வருஷத்துக்கு மேலான பின்பு. உருண்டையாகவோ நீளமாகவோ பெரிய இரும்பு தட்டுப்பட்டால் கையை எடுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், 911ஐக் கூப்பிடுங்கள். அனுபவசாலி "மருந்து நனைஞ்சு போயிருக்கும்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள், செஸ்டர்காரரும் அனுபவசாலிதான்.

அடுத்தது எலும்பு. 1990களில் சென்டர்வில்லில் கட்டடம் எழவிருந்த ஒரு மனையில் டிடெக்டரோடு தேடியவர் எலும்பைக் கண்டார். 1997இல் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியக ஆய்வாளர்கள் வந்து ஆறு வடக்குப் படைவீரர்களின் புதைகுழிகளைத் திறந்தார்கள். பிளாக்பர்ன்ஸ் துறையில் விழுந்த மாசசூசெட்ஸ் பிள்ளைகள் என்று தெரியவந்து, 2006இல் சொந்த மாநிலத்து மண்ணில் அடக்கம் செய்தார்கள். மனாசஸ் பூங்காவுக்குள் 2014இல் குழாய் பதிக்கத் தோண்டியபோது, அறுவை மருத்துவர் வெட்டியெடுத்த கைகால்களும் இரண்டு வீரர்களின் எலும்புக்கூடுகளும் ஒரே குழியில் கிடைத்தன. அந்த இருவரும் 2018இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கமானார்கள். பொத்தான்கள் வரிசையாக, ஒரே ஆழத்தில் வருகின்றன என்றால் அது அறுந்து விழுந்த பொத்தானாக இல்லாமல் ஒரு சட்டையாக இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டுப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். புதைகுழியைக் கலைப்பது இங்கே கடுமையான குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் கலைக்கலாமா என்ன.

எந்தக் குழிக்கும் முன், மண்ணுக்கடியில் ஓடும் குழாயையும் கம்பியையும் காட்டித் தரும் 811 எண்ணை அழைத்துவிடுங்கள். இலவசம். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம் என்று அடையாளம் இட்டுவிட்டுப் போவார்கள்.

சும்மா விட்டால்

என் மனைவியின் கட்சி இது. நான் நினைத்ததைவிட வலுவானது. ஈயம் வெள்ளைப் பூச்சு பூத்து அப்படியே கிடக்கும். 160 வருஷம் கிடந்தது இன்னும் கிடக்கும். எடுத்த பிறகுதான் அதற்குக் கேடு. பல் துலக்கும் பிரஷால் தேய்த்து அந்தப் பூச்சை உரிக்கிறவர்களும், பித்தளைப் பொத்தானைப் பிராஸோ போட்டு மினுக்கி மிச்சமிருந்த தங்க முலாமையும் துடைத்தெடுக்கிறவர்களும் உண்டு. வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், ஈயத்தைத் தொட்ட பிள்ளைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இரும்பு இன்னும் மோசம். மண்ணை விட்டு வெளியே வந்ததும் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். அதைக் காப்பாற்றும் வேதியியல் நம் சமையலறையில் நடக்காது.

விட்டுவிடுவதில் ஒரே ஓட்டை, எல்லா இடத்தையும் நாம் விட்டுவைக்கப் போவதில்லை என்பது. அடுத்த வசந்தத்தில் பின்பக்கம் மரத்தளம் போட ஒப்பந்தம் பேசியிருக்கிறோம். அதன் தூண்களுக்குக் குறைந்தது இரண்டடி ஆழம் தோண்டியாக வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மண்ணை அள்ளி லாரியில் போட்டால் அதில் என்ன போனது என்று யாருக்கும் தெரியாது.

இதை யோசித்ததும் எனக்கு வழி பிடிபட்டது. எங்கே எப்படியும் மண் கலையப்போகிறதோ அங்கே மட்டும் தேடுவது. மற்றதைத் தொடாமல் விடுவது. எங்கள் கணக்கில் அது ஓக் மரத்தின் பக்கம் இருபதுக்குப் பதினைந்து அடி. இவ்வளவு சின்ன இடத்துக்குக் கருவி வாங்க வேண்டாம், மாதக்கணக்கில் காது பழக்கவும் வேண்டாம். நிபந்தனைக்கு ஒத்துக்கொண்ட ஒருவரைப் பிடித்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கொடி அவரே கொண்டுவருவாராம். கிடைப்பதெல்லாம் இங்கேயே இருக்கட்டும், தனக்கு ஒன்று போதும், அதுவும் நாங்கள் மனமுவந்து கொடுத்தால் என்றார். தேதி அக்டோபரில், இரண்டு நல்ல மழைக்குப் பிறகு. முடிந்ததும் வரைபடத்தின் ஒரு நகல் கவுண்டித் தொல்லியல் பிரிவுக்குப் போகும். கொல்லை முழுவதையும் தேடுவதாக நினைத்திருந்த மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. அளவு நாடாவும் பென்சிலும் உன் பொறுப்பு என்றதும் கொஞ்சம் தெளிந்தான். கட்டம் போட்ட தாளில் வீட்டையும் வேலியையும் ஓக் மரத்தையும் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறான்.

நேற்று சாயங்காலம் பக்கத்துப் பெரியவர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். தன் குண்டையும் அதில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். மூவருமாக நாடாவைப் பிடித்து அளந்தோம்: வேலியிலிருந்து ஹைட்ரேஞ்சியாவுக்குப் பதினோரு அடி, ஓக் மரத்திலிருந்து ஒன்பது. ஆழம் எவ்வளவு என்றதற்கு அவர் மண்வெட்டியின் அலகைக் காட்டி, பாதி முழுகியிருந்தது என்றார். மகன் அலகை அளந்து பாதியாக்கி, புள்ளி வைத்து, பக்கத்தில் 1 என்று எழுதினான்.